அக்காவின் போனுக்குள் எங்கள் வீடு

போன மாதம் அக்காவின் போன் அசையாமல் நின்றுவிட்டது. காரணம்? எங்கள் வீட்டை அதற்குள் அனுப்பியதுதான்!

கொட்டாஞ்சேனையில், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார் என் அக்கா தவமணி. இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை ஆனபிறகு வோக்கர் பிடித்துத்தான் நடை. மாதக்கணக்காகப் படி இறங்கவில்லை. வெள்ளவத்தைக்கு, எங்களோடு வந்து இருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"நீங்கள் வீடு மாறினதுக்குப் பிறகு நான் வந்ததே இல்லை. அங்கை என்னாலை நடக்கேலுமோ எண்டு தெரியாமல் எப்பிடி வாறது?"

நியாயம்தானே?

என் மகள் நிலா என்ஜினியர். முப்பரிமாணக் காட்சிகள்தான் அவளுடைய வேலை. வீடு முழுக்க நடந்து வீடியோ எடுத்தாள். கம்ப்யூட்டர் அதைப் படித்து, லட்சக்கணக்கான மங்கலான வண்ணப் புள்ளிகளால் எங்கள் வீட்டை ஒரு மாடலாகக் கட்டியது. விரலால் தள்ளித் தள்ளி அறை அறையாகப் போகலாம்! ஆனால் அக்காவின் பழைய போன் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை.

"குறைக்கலாம் அம்மா. நிறையப் புள்ளி சும்மா கிடக்கு. உதவாததைக் கழிச்சால் சைஸும் குறையும், வேகமாயும் ஓடும்."

கழித்தாள். பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஓடியது! அக்கா உடனே போனில் அழைத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்ரூமுக்குப் படியே இல்லை. நான் வாறன் பிள்ளை!"

இருக்கிறதே... நாலங்குலப் படி!

நிலா திரையைப் பார்த்தாள். வீடியோவில் அந்தப் படி ஓரிரு இடத்தில்தான் பதிவாகியிருந்தது. அதனால் அதன் புள்ளிகளும் உதவாத கணக்கில் போய்விட்டன. படி இருந்த இடத்தில் சமதரை.

"பெரியம்மா விழுந்திருந்தால்?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று பின்னேரமே தரையில் குந்தியிருந்து ஒவ்வொரு வாசலையும் திரும்ப எடுத்தாள். தரையிலும் வாசலிலும் கைவைக்காதே என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தாள். பதிலுக்கு சீலிங்கிலும் சுவரிலும் வெட்டினாள். வெறும் சுவருக்கு எதற்கு அத்தனை புள்ளி?

அனுப்பிவிட்டு அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். புதியதைத் திறந்து பார்க்கிறேன் என்றார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

"ஓம், இப்ப தெரியுது. பக்கத்துச் சுவரிலை ஒரு கைபிடி பூட்டுங்கோ. வாறன்."

சுருக்குவது நல்லதுதான். ஆனால் எது தேவையில்லை என்று யாருடைய கண்ணால் — இல்லை, யாருடைய காலால் — தீர்மானிக்கிறோம்?

போன ஞாயிறு அக்காவைக் கதிரையில் இருத்தி, நாலு பேர் தூக்கி இறக்கினோம். வந்ததும் கைபிடியைப் பிடித்து அந்தப் படியில் ஏறி நின்றார். நிலாவின் கன்னத்தைத் தடவினார்.

"சரியா நீ காட்டின உயரம்தான்."

திங்கள் காலை பார்த்தால், என் சமையலறையில் மிளகாய்த்தூள் போத்தல் அக்காவின் கைக்கு எட்டும் இடத்துக்கு மாறியிருக்கிறது. இதை மட்டும் எந்த மாடலும் முன்கூட்டிக் காட்டவில்லை!