மஞ்சள் பையில் மிசாவோவின் சாம்பல்

மிசாவோ அக்காவின் வீட்டுக்குப் பின்னால் எரிமலை இருக்கிறது. ஜப்பானின் இந்தச் சகுராஜிமா தீவில் எங்கள் எல்லோர் வீட்டுக்குப் பின்னாலும் அதுதான். நாங்கள் காற்று எந்தப் பக்கம் என்று தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் துணி காயப்போடுவோம். அவள் முதலில் காயப்போட்டுவிட்டு, பிறகு மலையைத் திட்டுவாள்.

அவளுக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. சாம்பல் விழுந்து விழுந்து தோல் பொரிந்த பழத்தை யாரும் வாங்கவில்லை. கணவர் இறந்த பிறகு மரங்களை வெட்டினாள். இரண்டு கடைகளில் வேலைக்குப் போனாள். இரண்டிலும் அவள் வாய்க்காகவே அனுப்பிவிட்டார்கள்.

"என் பழத்தத் தின்னுச்சுல்ல. இனிமே எனக்கு வேல செய்யட்டும்" என்று சாம்பலில் மீன் உலர்த்தத் தொடங்கினாள்.

கானாங்கெளுத்தியைப் பிளந்து, துணியில் சுற்றி, மேலும் கீழும் சாம்பல் போட்டு வைத்தால் ஈரத்தைச் சாம்பல் இழுத்துக்கொள்ளும். ஆனால் புதுச் சாம்பல் கந்தகம் நாறும். நாற்றம் போகும்வரை கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், சலிக்க வேண்டும். கோடை முழுக்க அதைத்தான் செய்தாள். துறைமுகத்து விடுதியின் சமையல்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து ருசி பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் விடுதியின் காலைச் சாப்பாட்டில் அவள் மீன். பிடிக்காவிட்டால், அவளை வேலைக்கு வைக்க மூன்றாவது கடை தீவில் கிடையாது.

வியாழக்கிழமை சாம்பலைக் காணவில்லை.

கணவரின் தம்பி ஷிகெனோரி துடைப்பத்தோடு நின்றிருந்தார். படகுத்துறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து தெருவில் எல்லோர் வாசலையும் அவர்தான் பெருக்குகிறார். சாம்பலை அள்ளிப் போட நகராட்சி மஞ்சள் பை தரும். கட்டித் தெரு முனையில் வைத்தால் லாரி எடுத்துப்போகும். மிசாவோவும் கழுவிய சாம்பலை அந்தப் பைகளில்தான் வைத்திருந்தாள்.

"அண்ணி, உங்க பையெல்லாம் செவுத்தோரமா அப்படியே கெடந்துச்சு. முனைக்குக் கொண்டு வெச்சேன். லாரிக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்."

"எத?"

"சாம்பலத்தான்."

"அது என் சாம்பல்!"

"எல்லாம் மலையோடதுதானே அண்ணி."

அவள் பக்கத்து வீட்டிலிருந்து வந்து நின்ற என் பக்கம் திரும்பி, "வண்டிய எடு" என்றாள்.

சாம்பல் கொட்டும் இடத்தில் காவலாளி வாய்விட்டுச் சிரித்தார். "கொட்டிட்டுப் போறவங்களத்தான் பாத்திருக்கேன். திருப்பிக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதாம்மா. எது உங்களுது? அடையாளம் சொல்லுங்க."

குவியல் ஒரு வீடு உயரம். சருகு, சிகரெட் துண்டு, ஒற்றைச் செருப்பு. மிசாவோ ஒரு பிடி எடுத்து முகர்ந்து வீசினாள்.

மலை சில வாரங்களாகப் புகைகூட விடவில்லை. திரும்பும் வழியெல்லாம் மாடிகளில் மெத்தைகள் வெயில் காய்ந்தன. அவள் வண்டி ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள்.

"வேண்டாங்கறப்ப சோத்துத் தட்டுல வந்து விழுவ. இப்ப மட்டும் வாய மூடிட்டு நிக்கிறியா?"

"அண்ணி, யாராவது பாக்கப் போறாங்க" என்றார் வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்திருந்த ஷிகெனோரி.

"நீ பேசாத."

இடுகாட்டு வளைவில் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். எங்கள் ஊரில் கல்லறைகளுக்கும் கூரை உண்டு. சாம்பல் முன்னோர் தலையில் விழக்கூடாது என்று தகரம் போட்டிருப்போம். அவள் மாமியார் கல்லறையின் தட்டைக் கூரையில் சாம்பல் பாளமாக உட்கார்ந்திருந்தது. மற்ற கூரைகள் சுத்தமாக இருந்தன.

"தம்பி, இங்க கடைசியா எப்ப வந்த?"

"ஆகஸ்ட்டு படையலுக்கு..."

"ஊரு வாசலெல்லாம் பெருக்குற. பெத்தவ தலைக்கு மேல இருக்கிறதப் பெருக்கத் தோணல?"

ஷிகெனோரி தலை குனிந்தார். துடைப்பத்தை எடுத்தார்.

"தொடாத!"

அவள் அதற்குள் வண்டியின் பின்தட்டில் ஏறி, கூரையிலிருந்து ஒரு கட்டியை உடைத்து முகர்ந்துகொண்டிருந்தாள். இன்னொரு முறை முகர்ந்தாள். இலையுதிர்கால மழை கழுவ வேண்டியதைக் கழுவியிருந்தது. நாற்றம் இல்லை. காய வைத்துச் சலித்தால் போதும்.

இறங்கி வந்து கல்லறை முன் கைகூப்பினாள். "அத்த, இருந்தப்ப நீங்க எனக்கு ஒண்ணும் குடுத்ததில்ல. இத எடுத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை சமையல்காரர் வந்தார். அந்தச் சாம்பலில் உலர்ந்த மீனைச் சுட்டு வைத்தாள். அவர் கண்ணை மூடி மெதுவாக மென்றார். மிசாவோ அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பிறகுதான் மலை வெடித்த சத்தம் வந்தது. நாங்கள் ஆளுக்கொரு ஜன்னலுக்கு ஓடினோம். வெளியே அவள் துணிகள் கொடியில் இருந்தன.

"இப்ப வருது பாரு!" என்று பல்லைக் கடித்தாள்.

சமையல்காரர் கடைசி ஜன்னலை இழுத்துச் சாத்திக்கொண்டே, "செவ்வாக்கெழமைலேருந்து அனுப்புங்க. உப்பு மட்டும் கொஞ்சம் கொறைக்கணும்" என்றார்.

"உப்பெல்லாம் சரியாத்தான்..."

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன்.

"கொறைக்கறேன்" என்றாள். அந்த வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சாம்பல் ஓய்ந்ததும் அவர் குடையை விரித்துக்கொண்டு போனார். வாசலில் ஷிகெனோரி. தலைமுடி சாம்பல், புருவம் சாம்பல். அதற்குள் பெருக்கி முடித்து ஒரு மஞ்சள் பையைக் கட்டிக் கையில் வைத்திருந்தார். ஒரு கால் தெருவில், ஒரு கால் உள்ளே.

"அண்ணி, இது முனைக்கா? உள்ளயா?"

"கீழ வை" என்றாள் மிசாவோ. "வெச்சுட்டுத் தள்ளி நில்லு."