கோலை விட்டவன் முகம்

தொலைக்காட்சி நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூன்றாம் கேமரா அவளுடையது. அதனால் அவள் ‘மூணு’. வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. சண்டையில் முறைத்தால் கணவன் சொல்வான்: “மூணு, ஜூமைக் கொஞ்சம் குறை. எம் மூஞ்சி தாங்காது.”

அவனுடைய ஸ்டூடியோ படுத்துவிட்ட பிறகு குடும்பம் அவள் சம்பளத்தில்தான் ஓடியது. ஒப்பந்த வேலை. வருடா வருடம் நிலைய அதிகாரி கையெழுத்துப் போட்டால் உண்டு.

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மாப்பிள்ளை சிரிக்கும்போது பெண்ணின் அப்பா முகத்தை எடுத்துத் திட்டு வாங்கியவள். நிலையத்தில் அதுவே வேலையாகிவிட்டது. கால்பந்தில் கோல் விழுந்ததும் முதல் கேமரா அடித்தவன் பின்னால் ஓடும். மூன்றாவது, கோலை விட்டவனிடம் போகும். யாரும் சொல்ல வேண்டாம், கை தானாகத் திரும்பும்.

ஆட்டம் இல்லாத நாட்களில் அதே ஆட்கள் அதே கேமராக்களோடு நாடாளுமன்றத்துக்குப் போவார்கள். அங்கே வழக்கம் வேறு. நின்று பேசுகிறவர் மட்டும்தான் திரையில். கேள்விக்கு ஆளானவர் எழுந்திருக்கும்வரை காது குடையலாம், தூங்கலாம், நாடு பார்க்காது.

அந்த மாதம் தேசிய அணி வெளிநாட்டில் ஆடிவிட்டு, உள்ளூரில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கூட்டிவர அரசு விமானம் போனது. ஆனால் ஆட்டக்காரர்கள் எல்லை தாண்டி பஸ்ஸில் வந்து, இறங்கின காலோடு மைதானத்துக்குள் நுழைந்தார்கள். விமானத்தில் யார் வந்தார்கள் என்பதைக் கால்பந்து சங்கம் சொல்லவில்லை. சங்கத் தலைவரே விளையாட்டு அமைச்சர்.

அணி மண்ணைக் கவ்வியது. கண் சிவந்திருந்த கோல்கீப்பர் அவள் கேமராவுக்கு நேராக வந்து, “எம்மேலதான் தப்பு. மன்னிச்சிடுங்க” என்றான். பஸ்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த முகம் வீடு வரைக்கும் அவளோடு வந்தது.

அந்த வாரமே சபையில் கேள்வி வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒரு பல் டாக்டர். பல் பிடுங்கும் இடுக்கியைக் கையில் எடுத்தவரின் நிதானத்தோடு எழுந்தார்.

“அணிக்காகப் போன விமானத்துல வந்தது யாரு?”

மூணுவின் கை திரும்பியது. லென்ஸில் விளையாட்டு அமைச்சர், பக்கத்து ஆளுக்குப் போனில் எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எந்தக் கேமராவைத் திரையில் போடுவது என்று முடிவு செய்யும் இயக்குநர் அண்ணன் ஹெட்போனில் பதறினார். “ஏய் மூணு, எங்க போற?”

பிறகு மெதுவாக, “சரி, அங்கயே நில்லு.”

சபையின் பெரிய திரையில் அந்தச் சிரிப்பு வந்தது. அமைச்சர் நிமிர்ந்தார். சுவர் அகலத்துக்குத் தன் வாயையே பார்த்தார். போன் மேசைக்கு அடியில் போனது. டாக்டர் மறுபடி கேட்டார். அமைச்சர் எழுந்தபோது, எழுதிக் கொண்டுவந்திருந்த பதில் மேசையிலேயே கிடந்தது.

“எங்க வீட்டு ஆளுங்கதான்” என்றார். “தப்புதான்.”

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அதிகாரி அவளையும் அண்ணனையும் அறைக்கு அழைத்தார். மேசையில் அவளுடைய ஒப்பந்தம், இன்னும் கையெழுத்தாகவில்லை.

“யாரு திருப்பச் சொன்னது?”

“நான்தான் சார்” என்றார் அண்ணன்.

“இல்ல சார். அண்ணன் சொல்லவே இல்ல, நானாத்தான் திருப்பினேன்.”

“திரையில போட்டது நான்ல? நீ சும்மா இரு.”

“நான் திருப்பாம எதப் போட்டிருப்பீங்க?”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “நிறுத்துங்க ரெண்டு பேரும். தப்பு என்னோடதுதான்னு ரெண்டு பேர் அடிச்சிக்கிறதை இந்தக் கட்டடத்துல இன்னைக்குத்தான் பாக்குறேன்.” கொஞ்சம் யோசித்தார். “மேலருந்து போன் மேல போன். ஆனா உக்காந்திருக்கிறவரைக் காட்டக் கூடாதுன்னு எந்த விதியில இருக்குன்னு எனக்கே தெரியல. தேடிப் பாக்குறேன். கிடைக்கிற வரைக்கும் போய் வேலையப் பாருங்க.”

பேனாவை எடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் அண்ணன் சொன்னார்: “நீ ரிட்டயர் ஆகுற வரைக்கும் தேடுவாரு, கவலப்படாத.”

மாலையில் சாலைகளைப் பற்றிய கேள்வி. உறுப்பினர் எழுந்தார். மூணு இன்னும் கைப்பிடியைத் தொடவில்லை. அதற்குள் சாலை அமைச்சர் பக்கத்துப் பேச்சை நிறுத்தி, போனைச் சட்டைப்பைக்குள் போட்டு, முன்னால் சாய்ந்து, கேள்வியைக் கவனமாகக் கேட்க ஆரம்பித்திருந்தார்.

“என்ன மூணு, உன் ஆளு தயாரா இருக்காரு போல” என்றது ஹெட்போன்.

“கேக்கட்டும்ணே” என்றாள்.