கழற்றிய போர்டும் கண்ணை மூடிய சாரும்

நன்றாக ஓடுகிற மெஷினைத் தானாக ஓடாதபடி செய்து கொடுப்பதுதான் என் தொழில். அதற்குக் கூலியும் வாங்குகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

வீட்டிலேயே காப்பிக்கொட்டை வறுக்க மெஷின் வந்திருக்கிறது. பட்டனைத் தட்டினால் அதுவே வறுக்கும், அதுவே நிற்கும். ஆனால் அதற்கு மணி பார்க்கத்தான் தெரியும், கொட்டையைப் பார்க்கத் தெரியாது. நான் இருக்கிறது திரேஸ்புரத்தில். பக்கத்து ஐஸ் கம்பெனியில் மோட்டார் ஓட ஆரம்பித்தால் தெருவில் லைட்டே மங்கிவிடும், மெஷின் சூடும் இறங்கிவிடும். மெஷின் அதைக் கண்டுகொள்ளாமல் நேரம் முடிந்ததும் நின்றுவிடும், கொட்டை அரைவேக்காட்டில் கிடக்கும். நான் உள்ளே அதைத் தானாக ஓட்டுகிற சர்க்யூட் போர்டைக் கழற்றிவிட்டு, கையால் கூட்டிக் குறைக்க ஃபேனுக்கு ஒரு திருகு, சூட்டுக்கு ஒரு திருகு வைத்துக் கொடுப்பேன். அப்புறம் வறுப்பது உங்கள் பாடு. ரிப்பேர் தொழிலில் இருக்கும் சகோதரர்களே, மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். நாம் எதைக் கழற்றினாலும் திருடன்தான்.

கவருக்குள் போர்டு

கழற்றின சாமானைக் கவரில் போட்டு ஆள் கையிலேயே கொடுத்துவிடுவேன். இல்லையென்றால் ‘நல்ல போர்டை உருவிட்டான்’ என்று பேர் வந்துவிடும். ஆறுமுகநேரியிலிருந்து ஒரு உப்பளக்காரர் வந்தார். இரண்டு திருகையும் திருகிப் பார்த்தார், எல்லாம் திருப்தி. பிறகு கவரைப் பிரித்து போர்டை வெளிச்சத்தில் பிடித்தார். என் பட்டறையில் கிடந்த நாளில் கடற்காற்று பட்டு அது பச்சையாகக் களிம்பேறியிருந்தது. உப்பு என்ன செய்யும் என்று உப்பளக்காரருக்கு நான் பாடம் எடுக்க முடியுமா? அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என் மெஷின் புதுசுல்லா தம்பி, இது யார் வீட்டுப் போர்டு?”

மாடியிலிருந்து ஒரு மூக்கு

என் பட்டறை ஒரே ஒரு ரூம். ஓனர் செல்லத்துரை அண்ணாச்சி மாடியில் இருக்கிறார். எங்கள் கடற்கரையில் மூட்டை என்றாலே கள்ளத்தனமாகப் படகேறிப் போகிற சரக்கோ என்று ஒரு சந்தேகம் வரும். என் ரூமிலோ மெஷின்களில் வறுத்துச் சோதிக்க நாலு மூட்டை பச்சைக் கொட்டை, சூடு காட்டும் மீட்டர், ஒயர், போதாததற்குப் புகை. ஒருநாள் அண்ணாச்சி இறங்கிவந்து மூன்று மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். ஒரு கொட்டையை எடுத்துக் கடித்தார், பல் வலித்ததுதான் மிச்சம். “காப்பிக்கொட்ட கறுப்பால்லா இருக்கும்? என்னையக் கேனப்பயன்னு நெனச்சியால? ஞாயித்துக்கெழம நானே இங்கன உக்காந்து பாப்பேன். இதுல காப்பி வரலன்னா திங்கக்கெழம ரூமுக்குப் பூட்டு.”

ஏற்கெனவே இரண்டு இடத்தில் புகைக்காகக் காலி பண்ணியாயிற்று. இதுவும் போனால், வீறாப்பாக விட்டுவந்த கிரேன் எலக்ட்ரீஷியன் வேலைக்காக மறுபடியும் துறைமுக வாசலில் போய் நிற்க வேண்டும். மனைவி எஸ்தரிடம் புலம்பினேன். அவள் மீன் அலசுவதை நிறுத்தவேயில்லை. “அண்ணாச்சி கேக்கதுல என்ன தப்பு? நீங்க வேலைய விட்ட நாள்லருந்து இதுல என்ன வரும்னு நானும் அதத்தான கேக்கேன்.”

மோந்து பார்க்காத மனுஷன்

அந்த வாரம் நாசரேத்திலிருந்து தேவசகாயம் சார் மெஷினோடு வந்தார். ரிட்டயர்டு வாத்தியார். ஃபேன் சத்தத்தை நன்றாகக் குறைக்க முடியணும் என்பது ஒன்றுதான் அவர் நிபந்தனை. திருகு வைத்து முடித்து, ஒரு கை கொட்டை வறுத்துக் காட்டினேன். மனுஷன் கண்ணை மூடிக்கொண்டார்! தெருவே மணக்கிறது, இவர் மூக்கு அசையவில்லை. வறுத்த கொட்டையை நீட்டினால் விரலால் நெருடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நோட்டில் என்னமோ எழுதிக்கொண்டார். காப்பிப் பைத்தியம் எவனாவது மோந்து பார்க்காமல் இருப்பானா? எனக்குப் பொறிதட்டியது: இது அண்ணாச்சி அனுப்பின ஆள். போட்டு வாங்கலாம் என்று, “சாருக்குக் காப்பின்னா ரொம்ப இஷ்டமோ?” என்றேன். அவர் நோட்டை மூடினார். “ஞாயித்துக்கெழம வாரேன் தம்பி. நானே வறுத்துப் பாத்துட்டுத்தான் மெஷினத் தூக்குவேன்.”

அதே ஞாயிற்றுக்கிழமை! சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை

இரண்டு பேரும் வந்தார்கள். “இது யாருலே?” என்று அண்ணாச்சி சாரைக் காட்டிக் கேட்டார். “இவங்க யாரு தம்பி?” என்று சார் அண்ணாச்சியைக் கேட்டார். ஆகா, என்ன நடிப்புடா என்று நினைத்துக்கொண்டேன். சார் மெஷின் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினார். நான் அண்ணாச்சி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வறுபடும்போது ஐஸ் கம்பெனி மோட்டார் ஓட ஆரம்பித்து லைட் மங்கியதை நான் கவனிக்கவேயில்லை. சார்தான் தலையைச் சாய்த்து, “ஃபேன் சுதி எறங்குது” என்று முனகிக்கொண்டே இரண்டு திருகையும் கொஞ்சம் ஏற்றினார். சற்று நேரத்தில் கடுகு வெடிப்பது போல் படபடவென்று சத்தம். அது அடங்கும்வரை கேட்டிருந்துவிட்டு, சூட்டை அணைத்து ஃபேனை முழுக்க விட்டார்.

வறுத்த கொட்டையை அரைக்குமுன் ஒருநாளாவது ஆற விடணும் என்கிற நியாயமெல்லாம் அண்ணாச்சியிடம் செல்லுமா? எஸ்தர் உடனே அரைத்துக் காப்பி போட்டாள். அண்ணாச்சி தம்ளரை மூக்குக்குக் கிட்ட கொண்டுபோனார், முகம் மாறிவிட்டது. “மணம் தூக்குதே! நீங்க மோந்து பாக்கலியா சார்?”

“கொரோனாவுல போன மணம் இன்னும் திரும்பல அண்ணாச்சி. எனக்கு இப்ப காப்பின்னா அந்த வெடிக்க சத்தந்தான், அது எப்பக் கேக்குன்னுதான் நோட்டுல குறிச்சு வைக்கேன். தானா ஓடுத மெஷின் எரச்சல்ல அது காதுல விழமாட்டேங்கு.”

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், கழற்றிய போர்டு இருந்த கவரை அவசரமாக நீட்டினேன். சார் அதைக் கையால் தள்ளினார். “அது எனக்கெதுக்கு? நீயே வச்சுக்க.”

அண்ணாச்சி தம்ளரைக் காலி பண்ணிவிட்டு எழுந்தார். ரூம் தப்பித்தது என்று நான் மூச்சு விடுவதற்குள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். “ரூமு இருக்கட்டும்லே. ஆனா அந்த நாலாவது மூட்டைய மட்டும் ஏன் கட்டியே வச்சிருக்க?”

கழற்றின போர்டை வேண்டாம் என்று சொன்ன ஒரே வாடிக்கையாளர் தேவசகாயம் சார்தான், நான் சந்தேகப்பட்ட ஒரே வாடிக்கையாளரும் அவரேதான்.