தடையா, தூண்டுதலா?

காளிகாட்டில் பிறந்து வளர்ந்த வசுமதிக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம். பாலிகஞ்சிலுள்ள பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், எலியின் இளம் செல்கள் எப்படித் தசையாக மாறுகின்றன என்று மூன்று வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். குறிப்பிட்ட ஒரு மரபணு அந்த மாற்றத்தைத் தடுக்கிறது என்பது அவளுடைய பேராசிரியை நந்திதா லாஹிரியின் பத்து வருடக் கருத்து.

1998 ஆகஸ்டில் வசுமதி அந்த மரபணுவை அடக்கிப் பார்த்தாள். தசை மளமளவென்று உருவாகியிருக்க வேண்டும். ஒரு நார்கூட உருவாகவில்லை. நான்கு முறை செய்தும் அதே கதை. மரபணுவை அடக்காத தட்டில் மட்டும் செல்கள் இணைந்து, நீள நீளமான நார்களாகித் துடித்தன.

பேராசிரியையிடம் சொல்லப் பயந்து ஒரு வாரம் ஓட்டினாள்.

"போய்ச் சொல்லுடி. அவங்க என்ன உன்னைக் கடிச்சுத் திங்கவா போறாங்க?" என்றாள் அம்மா.

மறுநாள், வங்காள வழக்கப்படி அக்கா என்ற பொருளில் பெயரோடு 'தி' சேர்த்து அழைத்துச் சொல்லிவிட்டாள். "நந்திதாதி, நாம நினைச்சது தலைகீழா இருக்கு."

நந்திதா மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது வாய்விட்டுச் சிரித்தார்.

"பத்து வருஷமா ஆக்சிலரேட்டரைப் போய் பிரேக்குன்னு சொல்லியிருக்கேன்! உடனே கட்டுரையா எழுது. உன் பேர்தான் முதல்ல."

கட்டுரை 2000இல் வெளிவந்தது. அதன்பின் ஒவ்வொரு வகுப்பிலும் நந்திதா தன் தவறை ரசித்து ரசித்துச் சொல்வார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் வசுமதிக்குத்தான் கூச்சமாக இருக்கும்.