மொட்டைத் தலையருக்கு மாமாவின் குரல்

என் தாய்மாமா பதினாறு படங்களில் செத்திருக்கிறார். முகம் ஒரு சீனாக்காரருடையது. உயிர் போகிற சத்தம் மட்டும் மாமாவுடையது.

சென்னையில் டப்பிங் பேசுவதுதான் அவருக்கு வேலை. பழைய குங்ஃபூ படங்களைத் தமிழாக்கி ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் போடுவார்கள். அவற்றில் வில்லனுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மொட்டைத் தலையர் ஒருவர் தவறாமல் இருப்பார். கொன்றுவிடட்டுமா என்று தலைவரிடம் கேட்பார். கடைசிச் சண்டைக்கு முந்தைய சண்டையில் அவரே செத்துப்போவார். அவருக்கு எப்போதும் மாமாதான் குரல். ஆலங்குடியில் எங்கள் தெருவே அந்த மனிதரை மாமாவின் பெயரைச் சொல்லித்தான் அழைத்தது. அடிபடுகிற கூட்டத்துக்கும் மாமா கத்துவார். அதில் அவருடைய ‘ஆ’ எது என்று நான்காம் வகுப்புப் படித்த நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

முப்பத்து நான்கு வயதாகியும் மாமாவுக்குப் பெண் அமையவில்லை. சினிமாக்காரன் என்றதும் வந்தவர்கள் நழுவிவிடுவார்கள். கடைசியில் கந்தர்வக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வருவதாகச் சொன்னது. அந்த ஞாயிறு போடவிருந்த படத்தில்தான், அத்தனை வருஷம் உதைபட்ட மொட்டைத் தலையருக்கு முதல்முறையாகப் பெரிய வேடம், கதாநாயகனுக்கே குரு. மாமா படம் முழுக்கப் பேசிவிட்டு வந்திருந்தார். மாப்பிள்ளையின் பெருமையைக் காதால் கேட்கட்டும் என்று அந்த நேரத்துக்கே அவர்களை வரச் சொன்னோம்.

கேசரி சாப்பிட்டுவிட்டுப் பெண்ணின் அப்பா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். குரு வாயைத் திறந்தார். வந்தது வேறு யாருடைய குரலோ. பெரிய வேடத்துக்குப் பெயர் பெற்றவர் பேசினால்தான் எடுபடும் என்று மாமா பேசியதை அழித்துவிட்டு வேறொருவரைப் பேசவைத்திருக்கிறார்கள். அதை மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்ல அந்தப் புண்ணியவான்களுக்குத் தோன்றவில்லை. அவர்கள் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. என் மேல் அதைவிட.

“இதுல ஒங்க குரல் எது தம்பி?” என்று பெண்ணின் அப்பா மரியாதையாகத்தான் கேட்டார்.

மாமா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தைக் காட்சியில் நாலைந்து பேர் உதை வாங்கி விழுந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டு மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

“இப்பக் கத்துச்சுல்ல, அது எங்க மாமா.”

தொட்டிக்குள் விழுந்தவர், படியில் உருண்டவர், கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தவர் என்று ஒருவர் விடாமல் காட்டிக்கொடுத்தேன். அம்மா தொடையில் கிள்ளியும் நிறுத்தவில்லை. பெண்ணின் அப்பா முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். படம் முடிவதற்குள் அவர்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஊருக்குப் போய்த் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். ஒரு தகவலும் வரவில்லை. அதற்குப் பிறகு யாரையும் வீடு பார்க்க வர மாமா விடவும் இல்லை.

அவர்கள் போனதும் மாமா கொல்லைப்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பி நின்றவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் போடும் சத்தங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. இது புதிது.

“இது எந்தப் படத்துல வருது மாமா?”

அவர் திரும்பாமலே சொன்னார். “அது இன்னும் வரல ஆத்தா.”

ரொம்ப நாள் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.