உயிரா, செருப்பா?

போன கிழமை நல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருந்தோம். என் மனைவி சுகந்தி குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டவள். நான் சக்கர நாற்காலியைத் தள்ள, அவள் ஊன்றுகோலை மடியில் வைத்தபடி என்னை நடத்துவாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான்.

எங்கள் ஊரில் கோயிலில் மட்டுமா செருப்பைக் கழற்றுகிறோம்? கிளினிக், கம்பியூட்டர் வகுப்பு... சில இடங்களில் மனேஜரின் அறைக்கு வெளியிலும்! நாங்கள் வெள்ளெனப் போனபோது வெறுமையாய்க் கிடந்த வாசலில், கொஞ்ச நேரத்தில் செருப்புகள் குவிந்துவிட்டன. போக வர அந்த ஒரு வாசல்தான்.

திடீரென்று கவுண்டருக்குப் பின்னாலிருந்த சுவிட்ச் பெட்டியில் புகை. தாதிப் பிள்ளை ஓடி வந்தது.

"எல்லாரும் கெதியா வெளியிலை போங்கோ."

சனம் உடனே எழும்பியது. நல்ல ஒழுங்கு — வாசல்வரை மட்டும். அங்கே எல்லாரும் குனிந்துவிட்டார்கள்.

"இது என்ரை இல்லை, என்ரையிலை நீலப் பட்டி."

"அக்கா, நீங்கள் மிதிச்சுக்கொண்டு நிக்கிறதுதான் என்ரை மற்றச் செருப்பு."

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் படியில் அமர்ந்து சப்பாத்துக் கயிறு கட்டத் தொடங்கினார். நிதானமாக. இரட்டை முடிச்சு.

பின்னால் நாங்கள். சுகந்தி இருமத் தொடங்கிவிட்டாள். எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடுகிற வயதா எனக்கு?

"வழி விடுங்கோ, இவவாலை நடக்கேலாது" என்று கத்தினேன்.

"ஓம் அண்ணை, ஒரு நிமிசம். ஒரு செருப்பு கிடைச்சிட்டுது" என்றார் முன்னால் நின்றவர்.

கோபம் வந்தால் சுகந்தி அதிகம் கதைக்கமாட்டாள். "என்னைக் கிட்டக் கொண்டுபோங்கோ" என்றாள். அதிபருக்கும் சுவருக்கும் இடையில் நாற்காலிச் சில்லை நுழைத்தேன். ஊன்றுகோலைத் திருப்பிப் பிடித்தாள். செருப்புக் குவியலை ஒரே தள்ளு, றோட்டுக்கு. பிறகு இன்னொரு தள்ளு.

"ஐயோ, என்ரை புதுச் செருப்பு" என்றபடி மொத்தச் சனமும் வெளியே பாய்ந்தது. அதிபரும் ஒரு கால் சப்பாத்தோடு ஓடினார். உயிருக்கு ஓடாத சனம் செருப்புக்கு என்னமாய் ஓடுகிறது! நாங்கள் ஆறுதலாக வெளியே வந்தோம்.

தாதிப் பிள்ளை மெயின் சுவிட்சை நிற்பாட்டியதால் கொஞ்ச வயர் கருகியதோடு சரி. ஆனால், தப்பினோமே என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. வார் அறுந்துவிட்டதென்று ஒரு அம்மா சுகந்தியோடு சண்டைக்கு வந்தார்.

"காலே கருகியிருக்கும். பிறகென்ன செருப்பு?" என்றாள் இவள்.

இந்தக் கிழமை மறுபடி போனோம். கிளினிக் உரிமையாளர் வாசலுக்கே வந்தார்.

"அண்டைக்குப் பிறகு பாதுகாப்பைக் கூட்டிப்போட்டம். பாருங்கோ."

தீயணைக்கும் சிலிண்டரா? இரண்டாவது வாசலா? ஆவலோடு எட்டிப் பார்த்தேன். பாதி வாசலை அடைத்துக்கொண்டு செருப்பு அடுக்குகிற ஓர் இரும்பு றாக்கை நின்றது. நிலத்தோடு சேர்த்துக் கொங்கிறீற் போட்டிருந்தார்கள்.

சுகந்தியின் ஊன்றுகோலை ஒருதரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இனி ஒருத்தராலையும் செருப்பை அசைக்கேலாது."