லியோந்தின் இறங்கிய தொட்டி

செர்வோல் தோட்டத்தில் திராட்சைக் கொடி கவாத்து செய்பவள் லியோந்தின். கல்யாணமாகி வந்த மறு வாரமே முதலாளி அவள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டார். ஜனவரிக் குளிரில் விரல் வெடித்து ரத்தம் கசிந்தாலும் வரிசையை விட்டு நகரமாட்டாள். மேட்டு நிலத்து வெள்ளை ஒயின், சரிவில் விளையும் சிவப்பு, எல்லாம் அவள் கை பட்ட கொடியில் வந்ததுதான். ஆனால் திராட்சை நொதிக்கும் கொட்டகைக்குள் மட்டும் அவள் கால் வைக்கக் கூடாது. பொம்பளை நுழைந்தால் ஒயின் கெட்டுவிடுமாம்! அங்கே ஆம்பளைகள் அம்மணமாகத் தொட்டியில் இறங்கி மிதிப்பார்கள். அதில் மட்டும் ஒன்றும் கெடாதாம். என்ன நியாயமோ, எரிகிறது வயிறு.

ஒரு அறுவடையின்போது அவள் புருஷன் ஆந்தெல்ம், மெழுகுவத்தியை ஏற்றிப் பார்க்காமலே தொட்டிக்குள் இறங்கினான். சுடர் அணைந்தால் உள்ளே விஷக்காற்று என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சூப் கொண்டுவந்த லியோந்தின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது அவன் தலை சரிந்துகொண்டிருந்தது. சூப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். பாவாடையோடு உள்ளே குதித்து, அவன் முகத்தை விளிம்புக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பாடு போட்டாள். ஆட்கள் ஓடிவந்து இரண்டு பேரையும் இழுத்துப் போட்டார்கள்.

மூச்சு திரும்பியதும் அந்த மனுஷன் பேசிய முதல் பேச்சைக் கேளுங்கள்.

"உன்னை யாருடி உள்ள வரச் சொன்னது? செத்த பொறுத்திருந்தா ஆம்பளைங்க வந்திருப்பாங்கல்ல? ஒரு தொட்டியே போச்சு!"

தொட்டி போகவில்லை. அந்த வருஷத்துச் சிவப்பைப் போல அதற்கு முன்பு வந்ததே இல்லை என்று குடித்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த ஒயினை வாங்கப் பாரிஸிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். முதலாளி கோப்பைகளை நிரப்பிவிட்டு ஆரம்பித்தார்.

"மடத்துச் சாமியாருங்க போட்ட தோட்டம் இது. புரட்சி சமயத்துல சர்க்கார் அதைப் பறிச்சு வித்தப்ப எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் ஏலத்துல எடுத்தாரு. அன்னிலேருந்து இன்னிவரைக்கும் எங்க தொட்டிப் பக்கம் ஒரு பொம்பளை கால் பட்டதில்ல. அதான் இந்த ருசி!"

பக்கத்தில் நின்று ஆந்தெல்ம் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினான்.

பாலாடைக்கட்டித் தட்டோடு வந்த லியோந்தின் அதை மேசைமேல் ணங்கென்று வைத்தாள். "கால் படலியா? இடுப்பளவு நின்னேங்க இதுல! அழுக்குப் பாவாடையும் சேறு காலுமா நின்னேன். நல்லா ருசிச்சுக் குடிங்க."

வியாபாரிகள் கோப்பையைப் பார்த்தார்கள். முதலாளியின் முகம் கறுத்தது. ஆந்தெல்ம் அவசரமாகச் சிரித்தான்.

"கண்டுக்காதீங்க ஐயா. அவ கொஞ்சம் கழண்ட கேஸு."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை.

"சரிய்யா. இனிமே நீ உள்ள விழுந்தா நான் வாசல்லயே நிக்கிறேன். ஆம்பளைங்க வரட்டும்."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்னால் செய்வாள் என்று அவனுக்குத் தெரியும்.